அசையெழுத்துகளும் கணினிக் குறியேற்றமும்: வட அமெரிக்கத் தொல்குடி எழுத்து முறைகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒலிக்கு வரிவடிவம் அமைவதே எழுத்தின் தோற்றம். கணினிக் காலத்தில் அவ்வரிவடிவத்திற்கு எண்வடிவம் ஒன்றும் தேவையாயிற்று. குறியெண் பெறாத எழுத்தைக் கணினிகளுக்கிடையே பிழையின்றிப் பரிமாற இயலாது. நூலகப் பட்டியலில் அதனைக் கொண்டு தேட இயலாது. பள்ளிப் பாடநூலை அதில் எளிதாக அச்சிடவும் இயலாது. ஆகவே எந்த எழுத்துக்குக் குறியெண் வழங்குவது, எதனைத் தனியெழுத்தாகக் கொள்வது, எதனைப் பிறவற்றின் கூட்டாகக் கொள்வது என்னும் வினாக்கள் தொழில்நுட்ப வினாக்களாகத் தோன்றினும், அடிப்படையில் அவை எழுத்திலக்கணம் பற்றிய வினாக்களே ஆகும்.

உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கருதும் மரபுடைய தமிழறிஞர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. தமிழ்க் குறியேற்றம் பற்றிய விவாதம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடர்ந்து நிகழ்ந்துள்ளது. அவ்விவாதத்தில் பெரிதும் பேசப்படாத ஒப்பீட்டுக் களம் ஒன்று உண்டு. வட அமெரிக்கத் தொல்குடியினரின் அசையெழுத்து முறைகள் யூனிகோடு தரத்தில் இடம்பெற்ற வரலாறே அது. செரோக்கி எழுத்து, கனடாவின் கிரீ, ஒஜிப்வே, இனுக்டிடூட் முதலிய மொழிகளுக்கான அசையெழுத்து ஆகிய இரண்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு காலத்து எழுதுகருவியின் எல்லைகள் அடுத்த காலத்தின் எழுத்துத் தரத்தில் எவ்வாறு பதிந்து நிற்கின்றன என்பதைக் காட்டுவது இதன் நோக்கம்.

செரோக்கி எழுத்து

செரோக்கி மொழிக்கு எழுத்து வகுத்தவர் சிக்குவோயா. ஆங்கிலம் படிக்க அறியாதவராகிய இவர், வெள்ளையரின் தாள்கள் பேசும் ஆற்றலைக் கண்டு தம் மொழிக்கும் எழுத்து வேண்டுமெனக் கருதினார். தொடக்கத்தில் சொல்லுக்கு ஒரு குறி என்னும் முறையை முயன்று, அது அளவிறந்து பெருகுதல் கண்டு கைவிட்டார். பின்னர்ச் சொற்களை அசைகளாகப் பகுத்து, அசைக்கு ஒரு குறி என்னும் முறையை 1821 அளவில் நிறைவு செய்தார். தம் மகளுக்கே இதனை முதலில் கற்பித்தார் என்பர். 1825-இல் செரோக்கி நாட்டினர் இதனை ஏற்றனர். 1828 பிப்ரவரி 21 அன்று நியூ எக்கோட்டாவில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' இதழ் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது.

இவ்வெழுத்தில் 'க', 'கி', 'கு' போன்ற அசைகளின் வடிவங்களிடையே உறவு ஏதும் இல்லை. ஒவ்வோர் அசையும் தனித்த உரு உடையது. ஆகவே இதனை மெய், உயிர் எனப் பிரித்துக் குறியேற்ற இடமில்லை. சிக்குவோயாவின் கையெழுத்து வடிவங்களுக்கும் அச்சில் நிலைத்த வடிவங்களுக்கும் பெரும் வேறுபாடு உண்டு என்பதும் இங்கு நோக்கத்தக்கது. அச்சு எழுத்து வார்க்கப்பட்டபோது அமைந்த வடிவங்களே பின்னர்ச் செரோக்கி எழுத்தாக வழங்கின. முதலில் 86 ஆக இருந்த எழுத்துகளுள் ஒன்று வழக்கிழந்து, 85 எழுத்துகளே அச்சில் நின்றன.

1838–39-இல் செரோக்கியர் தம் நிலத்திலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டு மேற்கே ஓக்லகோமா நிலப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். வழியில் பல்லாயிரவர் மாண்டனர். எனினும் எழுத்து அவர்களுடன் சென்றது. விவிலியப் பகுதிகளும் இதழ்களும் சட்டங்களும் அவ்வெழுத்தில் தொடர்ந்து அச்சாயின.

கிரீ அசையெழுத்து

கனடாவின் அசையெழுத்து வேறு அடிப்படையில் அமைந்தது. மெதடிஸ்டு சமயப் பணியாளர் ஜேம்ஸ் எவான்ஸ் இன்றைய மானிடோபா மாநிலத்தில் உள்ள நார்வே ஹவுஸ் பகுதியில் 1840-இல் இதனை அச்சேற்றினார். தேயிலைப் பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கி எழுத்து வார்த்தும், மென்மயிர்த் தோல்களைக் கட்டப் பயன்பட்ட அழுத்துபொறியை அச்சுப்பொறியாகக் கொண்டும் அவர் முதல் தாள்களை அச்சிட்டார் என்பது வழிவழிச் செய்தி. தேவநாகரியும் சுருக்கெழுத்தும் இம்முறைக்குத் தூண்டுதலாயிருந்தன என ஆய்வாளர் கருதுவர். கிரீ மக்களின் வாய்மொழி மரபோ இவ்வெழுத்து 'அழைக்கும் வளைக்கரடி' என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய தம் முன்னோர் ஒருவர் ஆவியுலகிலிருந்து பெற்று வந்த கொடை என உரைக்கும். எழுத்தின் தோற்றத்தை யாருக்கு உரிமையாக்குவது என்பதில் இவ்விரு மரபுகளும் வேறுபடுகின்றன. எழுத்து ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு விரைந்து பரவியது கிரீ மக்களின் சொந்த முயற்சியாலேயே என்பதில் ஐயமில்லை.

இம்முறையில் வடிவம் மெய்யைக் காட்டும். அவ்வடிவம் நோக்கும் திசை உயிரைக் காட்டும். முக்கோணம் தனி உயிருக்குரியது. அது கீழ்நோக்கினால் 'எ', மேல்நோக்கினால் 'இ', வலம் நோக்கினால் 'ஒ', இடம் நோக்கினால் 'அ' ஆகும். ஒரு முனையில் திறந்த கோணவடிவம் இதே முறையில் 'பெ', 'பி', 'பொ', 'ப' என ஒலிக்கும். உயிர் வரிசை ஒன்றும் ப, த, ச, க, ம, ந, ஸ, ய என்னும் மெய் வரிசைகள் எட்டுமாக ஒன்பது வரிசைகள், நான்கு திசைகள் எனப் பெருக்கினால் 36 அடிப்படை எழுத்துகள் கிடைக்கும். எவான்ஸின் முதல் அட்டவணையில் 'ஸ்ப' என்னும் மெய்ம்மயக்கத்திற்கும் தனி வரிசை ஒன்று இருந்தது. அது பின்னர் வழக்கொழிந்தது.

சொல்லிறுதி மெய்யைக் குறிக்கும் முறை தமிழ் நோக்கில் கருதத்தக்கது. மேற்குக் கிரீயில் இறுதி மெய்க்குச் சிறு கோடுகள் தனியே வழங்கின. கிழக்கு மரபிலோ அகர எழுத்தையே சிறிதாக்கி மேலே எழுதினால் அது உயிர் நீங்கிய மெய்யாகும். தமிழில் புள்ளி செய்யும் பணியை அங்கு எழுத்தின் அளவு செய்கிறது.

இவ்வெழுத்து ஒரு மொழியோடு நிற்கவில்லை. ஒஜிப்வே மொழியிலும் வழங்கிற்று. ஆங்கிலிக்கப் பணியாளர்களான ஜான் ஹார்டனும் எட்வின் வாட்கின்ஸும் 1850-களில் இதனை இனுக்டிடூட் மொழிக்கு ஏற்ப அமைத்தனர். 1876-இல் வடக்கே வந்த எட்மண்ட் பெக் அதனை இனுயிட் மக்களிடையே பரப்பினார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கேரியர் மொழிக்கென 1885-இல் மோரிஸ் பாதிரியார் மிகவும் மாற்றியமைத்த முறை ஒன்றை வகுத்தார். இவ்வாறு ஒரே குடும்ப எழுத்து, மொழிதோறும் சமயப் பிரிவுதோறும் சிறு வேறுபாடுகள் கொண்டு கிளைத்தது.

தட்டச்சுப்பொறியும் நீங்கிய வரிசையும்

கருவி எழுத்தை மாற்றியமைத்தமைக்கு இனுக்டிடூட் சிறந்த சான்றாகும். இனுயிட் பண்பாட்டு நிறுவனம் 1976-இல் அசையெழுத்துக்கும் உரோமன் எழுத்துக்கும் ஒத்த சீர்தர எழுத்துமுறையை ஏற்றது. அப்போது 'ஐ' ஒலிக்குரிய முழு வரிசையும் நீக்கப்பட்டது. 'ஐ', 'பை', 'தை' போன்றவற்றை அகர எழுத்தும் இகர எழுத்தும் சேர்த்து எழுதுமாறு விதிக்கப்பட்டது. எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்துத் தட்டச்சுப்பொறியில் அடக்குவது இதற்கு முதன்மையான காரணமாகக் கூறப்படுகிறது. அக்காலத்தில் பரவலாக வழங்கிய ஐபிஎம் செலக்ட்ரிக் பொறியின் எழுத்துக்கோளத்தில் 88 குறிகளுக்கே இடம் இருந்தது.

கியூபெக் மாநிலத்தின் வடபகுதியாகிய நுனாவிக்கில் நீக்கப்பட்ட வரிசை பின்னர் மீட்டெடுக்கப்பட்டது. நுனாவுட்டில் மூன்று உயிர்களே கொண்ட சீர்தர முறை தொடர்ந்தது. ஒரு பொறியின் உறுப்பு அளவால் விளைந்த மாற்றம், பொறி வழக்கொழிந்த பின்னும் இரு நிலப்பகுதிகளின் எழுத்து வேறுபாடாக நிலைத்தது எனலாம். வீரமாமுனிவர் கால மாற்றங்கள் முதல் 1978 தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வரையிலான தமிழ் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்வுகள் ஒப்புநோக்கத்தக்கன. 1978-இன் ஆணை ணா, றா, னா போன்றவற்றின் பழைய கூட்டுவடிவங்களை நீக்கியபோது, அச்சு, தட்டச்சு ஆகியவற்றின் எளிமையும் கருதப்பட்டது.

எழுத்துருக் குழப்பம்

1980-களிலும் 1990-களிலும் தனியாள் கணினிகள் பரவியபோது, அசையெழுத்துக்குக் குறியெண் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அசையெழுத்து உருவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் தோன்றின. நுனாவுட் பகுதியில் 'புரோசில்', 'நுனாகாம்' முதலியன வழங்கின. ஓர் எழுத்துருவில் எழுதிய ஆவணத்தை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகும். கணினி அதனை இனுக்டிடூட் என அறியாமையால் அகரவரிசைப்படுத்தலும் தேடலும் கைகூடவில்லை.

தமிழிலும் இதே நிலை நிலவியது. பல்வேறு எழுத்துருக்களுக்கிடையே பரிமாற்றம் இயலாத நிலையில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாடு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. உலகத் தமிழரிடையே டிஸ்கி வழங்கிற்று. ஆயின் தமிழுக்கு அப்போதே யூனிகோடு தரத்தில் இடம் இருந்தது. அசையெழுத்துகளுக்கு அதுவும் இல்லை.

ஒருங்கிணைந்த குறியேற்றம்: 1999

நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியாக 1999 ஏப்ரல் 1 அன்று உருவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான யூனிகோடு 3.0 பதிப்பில் செரோக்கி எழுத்துகள் 85-உம், 'ஒருங்கிணைந்த கனடா அசையெழுத்து' என்னும் தலைப்பில் 630 எழுத்துகளும் இடம்பெற்றன. பின்னதன் வரைவு கனடா அசையெழுத்துக் குறியேற்றக் குழுவின் பணியால் உருவானது.

வரைவாளர் எதிர்கொண்ட முதல் வினா, எழுத்தைப் பிரிப்பதா கூட்டாகவே கொள்வதா என்பது. கிரீ எழுத்தில் மெய்யும் உயிரும் கருத்தளவில் பிரியும். ஆயினும் உயிருக்கெனத் தனிக் குறி ஏதும் எழுதப்படுவதில்லை. திசை மட்டுமே உண்டு. 'திருப்புக' என்னும் கட்டளையை எழுத்தாகக் கொள்ள இயலாது. ஆகவே ஒவ்வோர் அசையும் ஒரு குறியெண் பெற்றது. நீட்டப் புள்ளி பெற்றவையும், வகரப் புள்ளி பெற்றவையும், இறுதி மெய்களும் தனித்தனிக் குறியெண் பெற்றன.

இரண்டாவது வினா, மொழிதோறும் தனிப் பட்டியலா, பொதுப் பட்டியலா என்பது. குழு பொதுப் பட்டியலைத் தேர்ந்தது. அதன் நெறி வடிவத்தைப் பற்றியது. ஒலியைப் பற்றியது அன்று. பதினாறெண் முறையில் 1401 என்னும் இடத்தில் கீழ்நோக்கிய முக்கோணம் உள்ளது. அது கிரீயில் 'எ', இனுக்டிடூட்டில் 'ஐ', கேரியரில் 'உ' ஒலிக்கு உரியது. ஒலி மூன்றாயினும் குறியெண் ஒன்றே. மறுதலையாக, வகரம் சேர்ந்த அசையில் புள்ளியைக் கிழக்குக் கிரீயார் எழுத்துக்கு முன்னும் மேற்குக் கிரீயார் பின்னும் இடுவர். ஒலி ஒன்றாயினும் வடிவம் வேறு. ஆகவே இரண்டு குறியெண்கள். நுனாவிக்கின் ஹகர மெய்யும் நுனாவுட்டின் ஹகர மெய்யும் தனித்தனி இடம் பெற்றமையும் இந்நெறியின் விளைவே.

குறியெண் கிடைத்தவுடன் எழுத்து கணினியில் தோன்றிவிடவில்லை. செரோக்கி, கனடா அசையெழுத்து ஆகியவற்றுக்கான எழுத்துருக்கள் 2007-இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இணைந்தன. 2010-இல் ஐபோன் இயக்குமுறையில் செரோக்கி இடம்பெற்றது. இவ்வெழுத்துகள் தமிழைப் போல உயிர்க்குறிகளை இடம் மாற்றிக் காட்டும் சிக்கல் அற்றவை. எழுத்துரு ஒன்றிருந்தால் போதும். இருந்தும் சிக்கல் மிகுந்த தமிழ் விண்டோஸ் 2000-இலேயே இடம்பெற, எளிய அமைப்புடைய அசையெழுத்து மேலும் ஏழாண்டு காத்திருந்தது. தாமதத்தை எழுத்தின் இயல்பு தீர்மானிக்கவில்லை; பேசுவோர் தொகையும் சந்தையுமே தீர்மானித்தன என்பது இதனால் புலனாகும்.

விடுபட்டவையும் சேர்க்கப்பட்டவையும்

1999-இன் பட்டியல் முழுமையானது அன்று. 2009-இல் வெளியான 5.2 பதிப்பில் முதற்பகுதியில் 10 எழுத்துகளும் புதிய விரிவுப்பகுதியில் 70 எழுத்துகளும் சேர்ந்தன. ஒஜிப்வே, கேரியர், பீவர் டெனே முதலிய மொழிகளுக்குரிய எழுத்துகள் இவற்றில் அடங்கும்.

செரோக்கியில் வேறொரு சிக்கல் எழுந்தது. அச்சு நூல்களில் தொடரின் முதலெழுத்தையும் பெயரின் முதலெழுத்தையும் பெரிதாக இடும் வழக்கம் இருந்தது. 1999-இல் இது கருதப்படவில்லை. செரோக்கி மொழியறிஞர் டர்பின் ஃபீலிங்கும் எழுத்துக் குறியேற்ற வல்லுநர் மைக்கேல் எவர்சனும் முன்வைத்த கருத்துருவின் வழி, 2015-இல் 8.0 பதிப்பில் சிற்றெழுத்துகள் சேர்க்கப்பட்டன. முன்னர்க் குறியேறியவை அனைத்தும் பேரெழுத்துகளாகக் கொள்ளப்பட்டன. ஆங்கிலம் முதலியவற்றில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு கருதாமல் தேடும்போது கணினி அனைத்தையும் சிற்றெழுத்தாக்கி ஒப்பிடும். செரோக்கியில் மட்டும் பேரெழுத்தாக்கி ஒப்பிடும். முன்பே குறியேறியவற்றின் பண்பை மாற்றலாகாது என்னும் நிலைப்பாட்டு விதியே இதற்குக் காரணம். அச்சில் வழக்கிழந்த 86-ஆம் எழுத்தும் அதே ஆண்டு குறியெண் பெற்றது.

2021-இல் 14.0 பதிப்பு மேலும் 16 கனடா அசையெழுத்துகளைச் சேர்த்தது. இவற்றுள் 12 நுனாவுட்டின் நாட்டிலிக் வட்டாரத்திற்குரியவை. அவ்வட்டாரத்தின் தனி ஒலிகளுக்குப் பொதுப் பட்டியலில் எழுத்து இல்லை. யூனிகோடு வழி எழுத முற்பட்டோர் தம் பேச்சின் ஒலி வேறுபாட்டைக் கைவிட வேண்டும், அல்லது பட்டியலில் இல்லாத வடிவத்தைப் பிறருடன் பரிமாற இயலாத நிலையை ஏற்க வேண்டும். 1999 முதல் 2021 வரை 22 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. அக்காலத்துக் குழந்தைகள் கணினியில் தம் வட்டார மொழியை அதன் ஒலிப்படி எழுதக் கற்க வழி இல்லாமற்போயிற்று என்பதே குறியேற்றப் பிழையின் உண்மையான விலையாகும். எஞ்சிய நான்கும் எவான்ஸின் அட்டவணையிலிருந்து வழக்கொழிந்த 'ஸ்ப' வரிசை. 1840-இல் ஈயத்தில் வார்க்கப்பட்ட வரிசை 181 ஆண்டுகளுக்குப் பின் எண்ணாக மீண்டது. இம்மூன்று கட்டங்களையும் கூட்டினால் கனடா அசையெழுத்தின் தொகை 726 ஆகும்.

தமிழ்க் குறியேற்றத்தோடு ஒப்பீடு

யூனிகோடு தமிழ்ப்பகுதி, இந்திய எழுத்துகளுக்கென 1988-இல் அமைந்த இஸ்கி தரத்தை அடியொற்றி 1991-இல் உருவானது. இஸ்கியின் நெறி கனடாக் குழுவின் நெறிக்கு நேர்மாறானது. அங்கு வடிவம் ஒன்றாயின் ஒலி வேறுபடினும் குறியெண் ஒன்று; இஸ்கியில் ஒலி ஒன்றாயின் வடிவம் வேறுபடினும் குறியெண் ஒன்று. தேவநாகரியின் ககரமும் தமிழின் ககரமும் இஸ்கியில் ஒரே எண்ணைப் பகிர்ந்தன. யூனிகோடு அவற்றைத் தனிப்பகுதிகளாகப் பிரித்தாலும் வரிசை இணைவைக் காத்தது. தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளின் இடங்கள் வெற்றிடங்களாக நிற்பதும், னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் அமைந்து தமிழ் நெடுங்கணக்கு முறை சிதைந்திருப்பதும் இதன் விளைவுகள். ஆய்தம் இன்றும் 'விசர்க்கம்' என்னும் பெயரிலேயே தரத்தில் உள்ளது. பெயரை மாற்றவும் விதி இடந்தராது.

உயிர்மெய் 216-உம் தனிக் குறியெண் பெற வேண்டும் என்னும் கோரிக்கைக்குக் கனடா அசையெழுத்தும் எத்தியோப்பிய எழுத்தும் முன்மாதிரிகளாகத் தோன்றும். ஆயின் வேறுபாடு உண்டு. தமிழில் உயிர்க்குறிகள் கண்ணுக்குத் தெரியும் தனி வரிகள். கிரீயில் உயிர் திசையே அன்றி வரி அன்று. ஆகவே தமிழைப் பிரித்துக் குறியேற்ற இயன்றது. கிரீயைப் பிரிக்க இயலவில்லை. இயன்றமையாலேயே பிரிப்பது பொருத்தம் என்பது பெறப்படாது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோட்டுடன் டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. ஆனால் பின்னது யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியைச் சார்ந்தமையால் பொதுப் பரிமாற்றத்தில் யூனிகோடே நிலைத்தது. தரம் நிலைபெற்ற பின் திருத்தம் அரிது என்பதற்குச் செரோக்கியும் தமிழும் இருவேறு சான்றுகளாம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவதாக, எழுத்தின் வடிவை அச்சு வார்ப்பும், எழுத்துத் தொகையைத் தட்டச்சுப்பொறியும், எழுத்தின் பகுப்பைக் கணினித் தரமும் பாதித்துள்ளன. ஒவ்வொரு கருவியின் தடமும் அடுத்ததில் எஞ்சி நிற்கிறது. இரண்டாவதாக, பொதுப் பட்டியல் தரும் நன்மையின் மறுபக்கம் சிறு வட்டாரங்களின் விடுபாடு. நாட்டிலிக் எழுத்துகள் இதனை உணர்த்துகின்றன. மூன்றாவதாக, தரத்தில் சேர்ப்பது இயலும். நீக்குவதும் மாற்றுவதும் இயலாது. ஆகவே முதல் வரைவின்போதே அம்மொழியை எழுதுவோர் உடனிருத்தல் இன்றியமையாதது.

எழுத்தின் எதிர்காலத்தைக் குறியெண் மட்டும் உறுதி செய்வதில்லை. இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரியிட் கனடாமி, தம் நிலமெங்கும் ஒன்பது வகை எழுத்துமுறைகள் வழங்கிய நிலையில், 2019-இல் பொதுவான உரோமன் எழுத்துமுறை ஒன்றைத் துணைமுறையாக ஏற்றது. வட்டாரங்கள் விரும்பினால் அசையெழுத்தைத் தொடரலாம். எந்த எழுத்தில் எழுதுவது என்பதை இப்போது கருவியின் இடநெருக்கடி தீர்மானிக்கவில்லை, அம்மக்களே தீர்மானிக்கின்றனர். அசையெழுத்து கணினியில் இடம்பெற்றதனால் விளைந்த பயன் இத்தெரிவுரிமையே எனலாம்.